மன்னார்குடியில் திருத்திய விடைத்தாள்

மன்னார்குடிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. கணக்கு திருத்தப் போனேன். ஐந்து நாள் பயணம். பார்த்தது ஒரு கோயில், ஒரு குளம். மற்ற நேரமெல்லாம் பயந்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. முதல் இரண்டு நாள் பயம் எல்லாப் பயணிகளுக்கும் வருவதுதான்: தண்ணீர், லாரி, தெருவில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி. அதற்குப் பிறகு வந்த பயம் நானே என் கையால், சிவப்பு மையில் எழுதி வரவழைத்துக்கொண்டது.

நான் மலேசியாவில், ஈப்போவில், ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். டெல்டாப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் நாட்டில் கடை வைத்து முன்னுக்கு வந்த வணிகர் ஒருவர், தன் சொந்த ஊர்ப் பக்கத்து ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு ஒரு கணிதப் போட்டி நடத்த விரும்பினார். சாதாரணப் பரீட்சை அல்ல. நான்கு கேள்விகள், நான்கு மணி நேரம். விடையாக ஓர் எண்ணை எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. ஒரு விஷயம் ஏன் எப்போதும் உண்மை என்று நிறுவிக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். முதல் மூன்று பேரின் கல்லூரிப் படிப்பு முழுவதையும் அவர் ஏற்றுக்கொள்வார். உள்ளூர்க்காரர்கள் மட்டும் திருத்தினால் நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று, வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றார். அந்த ஒருவர் நானானேன். என் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைத் தேடவும் நான் வரவில்லை.

திருச்சியில் இறங்கியபோதே மழை. என்னை அழைத்துப்போக வந்த அம்பாசிடர் காரின் ஓட்டுநர், முன் கண்ணாடியை ஒரு கையால் துணி கொண்டு துடைத்தபடி இன்னொரு கையால் ஓட்டினார். எதிரே ஒரு லாரி எங்கள் பக்கத்துக்கே ஏறி வந்தது. நான் கத்திவிட்டேன். "பயப்படாதீங்கம்மா, அவன் ஒதுங்கிருவான்," என்றார். அவன் ஒதுங்கவில்லை; நாங்கள் ஒதுங்கினோம். சக்கரம் இரண்டு சாலையோரச் சேற்றில் ஓடியது. தஞ்சாவூர் தாண்டியதும் இருபுறமும் வயலா, ஆறா என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். எங்கள் ஊரில் மழை பெய்தால் அரை மணியில் வடிந்துவிடும். சுண்ணாம்பு மலைகள் கழுவிவிட்டதுபோல நிற்கும். இங்கே தண்ணீருக்குப் போக இடமே இல்லாததுபோல இருந்தது.

விடுதி தெப்பக்குளத்தைப் பார்த்தபடி இருந்தது. குளம் என்று சொன்னார்கள். எனக்கு அது ஏரியாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை பக்கத்து மெஸ்ஸில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணமும். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக்கு இது தூரத்துச் சொந்தம். இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். தண்ணீரை மட்டும் தொடவில்லை.

போட்டியை நடத்திய சந்தானம் சார் உள்ளூர்க் கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். மெலிந்த உடம்பு, எப்போதும் அவசரம். அவருடன் கௌசல்யா என்ற பள்ளி ஆசிரியை வந்திருந்தார். வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடத்துக்குத் தமிழ் படிக்க வருமா? பாதிப் பேருக்கு மேல தமிழ்லதான் எழுதியிருக்காங்க," என்று கேட்டார் சந்தானம் சார்.

"ஏன் வராது? தமிழ்ப் பள்ளியில்தான் படித்தேன்," என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. உண்மை என்னவென்றால், ஆறாம் வகுப்போடு என் தமிழ்க் கணக்கு நின்றுபோனது. அதற்குப் பிறகு மலாய், அதற்குப் பிறகு ஆங்கிலம்.

அன்றே திருத்தல் தொடங்கியது. கல்லூரியின் நீண்ட அறை ஒன்றில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒவ்வொரு கணக்கையும் தனித் தாளில் எழுதச் சொல்லியிருந்ததால், கணக்கு வாரியாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். வித்தியாசம் இருந்தால் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். எனக்கு மூன்றாம் கணக்கு. என் ஜோடி நன்னிலத்திலிருந்து வர வேண்டிய ஒரு பேராசிரியர். பத்து மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் ஊர்ப் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது, பேருந்து இல்லை.

"பரவாயில்லீங்க மேடம்," என்றார் சந்தானம் சார். "நீங்க வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க. உங்க ஒரு கையெழுத்து போதும்."

அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாராட்டு நன்றாக இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

மூன்றாம் கணக்கு இதுதான்: ஒன்று முதல் நூறு வரை உள்ள எண்களில் எந்த ஐம்பத்தோரு எண்களை எடுத்தாலும், அவற்றில் ஏதோ ஓர் எண் இன்னோர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் என்று நிறுவுக. தெரிந்தவர்கள் ஒரே வழியில்தான் செய்வார்கள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் வகுத்துக்கொண்டே போய் ஒற்றைப்படை எண்ணில் நிறுத்துவது. பெரும்பாலோர் அதைத்தான் முயன்றிருந்தார்கள், பாதியில் வழுக்கியிருந்தார்கள். நான்கு, ஐந்து, மூன்று என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

பிற்பகலில் அறுபத்து மூன்றாம் எண் வந்தது. நெருக்கிய கையெழுத்து, தமிழ். வழியே வேறு. எந்த எண்ணும் இன்னொன்றை வகுக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், எண்களைப் பெரியதிலிருந்து இறக்கி வரிசையாக எழுதுகிறேன், கடைமடையில் நிற்கும் எண் ஐம்பதுக்கு மேல் போகவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு அதன் இரு மடங்கைச் சேர்க்கிறேன், இப்படியே செய்துகொண்டு போகிறேன் என்று இருந்தது. முடிவில் எல்லா எண்களும் ஐம்பதுக்கு மேல் வந்துவிடும், ஐம்பதுக்கு மேல் நூறு வரை ஐம்பது எண்கள்தான் உண்டு, நம்மிடம் இருப்பதோ ஐம்பத்தொன்று, ஆகவே முரண்பாடு.

கடைமடை. அந்தச் சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கிடைமட்டம் என்பதைத்தான் பிழையாக எழுதிவிட்டான் அல்லது எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். கிடைமட்டமாக எழுதிய வரிசையில் நிற்கும் ஏதோ ஓர் எண். அப்படியானால் நிறுவல் உடைகிறது. உதாரணத்துக்கு ஆறும் ஒன்பதும் வரிசையில் இருந்தால், ஒன்பதை எடுத்துப் பதினெட்டாக்கினால், ஆறு பதினெட்டை வகுத்துவிடும். இல்லாத ஒன்று புதிதாக முளைத்துவிடுகிறது. ஓரத்தில் அந்த உதாரணத்தை எழுதினேன். சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டேன்.

அடுத்த மேசையில் கௌசல்யா இருந்தார். "இது என்ன சொல்?" என்று கேட்க ஒரு நொடி போதும். வாயெடுத்தேன். காலையில் சந்தானம் சார் கேட்டது காதில் ஒலித்தது. கேட்கவில்லை. பத்துக்கு இரண்டு என்று போட்டு, தாளைத் திருப்பி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மதிப்பெண்களைக் கூட்டி, முதல் மூவரின் மூடிய உறைகளை மட்டும் பிரித்துப் பெயர் சேர்த்து, பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முப்பத்தேழு, முப்பத்தைந்து, முப்பத்திரண்டு. மூன்றாமிடம் ஆயிஷா என்ற உள்ளூர்ப் பெண். பட்டியல் ஃபேக்ஸில் ஈப்போவில் இருந்த வணிகருக்கும் போனது. பரிசளிப்பு மறுநாள் மாலை. "இன்னைக்கு ஃப்ரீ மேடம். முத்துப்பேட்டை லகூன் பார்த்துட்டு வாங்க," என்று கௌசல்யாவோடு என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார் சந்தானம் சார்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் சாலையே காணாமல் போனது. முன்னால் முழுவதும் பழுப்புத் தண்ணீர். ஒரு பக்கம் வாய்க்கால் ஓடுகிறது என்று சொன்னார்கள்; எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரியாது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். நடத்துநர் இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடக்க, பேருந்து அவர் பின்னால் ஊர்ந்தது. நடுவில் இன்ஜின் இருமி நின்றது. வண்டி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. நான் முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்கு நீந்தத் தெரியாது.

"சாயாதும்மா, சேறு. பொதையும், அவ்ளோதான்," என்றார் பக்கத்தில் இருந்த பெண். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "நட்டு இருவது நாளாச்சு. எல்லாம் முங்கிக் கெடக்கு பாருங்க. ரெண்டு நாள்ல வடியலன்னா அழுவிரும்."

அவர் கை காட்டிய இடத்தில் எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. "ஏன் வடிய மாட்டேங்குது?" என்று கேட்டேன். பயத்தை மறக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"நாங்க கடைமடைங்க. மேல எல்லாரும் பாய்ச்சி மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. இந்த வருஷம் தொறந்து விட்டதே லேட்டு. இப்ப மழ பேஞ்சதும் மேல உள்ள தண்ணியெல்லாம் எங்க தலையில வந்து நிக்கிது."

என் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. "என்ன மடை?"

"கடைமடை. கடைசி மடை. அதுக்கு அந்தாண்ட வயலு கிடையாது. கடலுதான்."

கடைசி. அதற்கப்பால் ஒன்றுமில்லை. பெரியதிலிருந்து இறக்கி எழுதிய வரிசையில் கடைமடையில் நிற்கும் எண் என்றால் ஏதோ ஓர் எண் அல்ல. எல்லாவற்றிலும் சிறிய எண். எல்லாவற்றிலும் சிறியதை மட்டும் எடுத்து இரட்டித்தால்? ஆறும் ஒன்பதும் இருந்தால் ஒன்பதைத் தொடவே கூடாது. ஆறைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நான் ஓரத்தில் எழுதிய உதாரணம் அந்த நிறுவலுக்குப் பொருந்தவே பொருந்தாது. நிறுவல் சரி. நான் பார்த்த எல்லாத் தாள்களிலும் அழகானது அதுதான். அதற்கு இரண்டு போட்டிருக்கிறேன்.

எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பேருந்து கரையேறியது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். "மேடம், உங்களுக்கு வேர்க்குது," என்றார் கௌசல்யா. "ஒண்ணுமில்ல," என்றேன்.

முத்துப்பேட்டையில் காற்று அதிகம், படகு போகாது என்றார்கள். அலையாத்திக் காட்டைக் கரையிலிருந்து ஒரு பச்சைக் கோடாகப் பார்த்ததோடு சரி. கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொடுவா மீன் குழம்பு ஊற்றினார்கள். ஈப்போ மார்க்கெட்டில் நான் தேடி வாங்கும் மீன் அது. பாதியிலேயே வைத்துவிட்டேன். அறுபத்து மூன்றாம் எண் யார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடைத்தெருவில் நடந்துபோகும் பிள்ளைகளில் ஒன்றாகக்கூட இருக்கலாம். சீருடையில் யார் போனாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பும் வழி முழுக்க நான் நினைத்தது, சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்பதுதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டைக் கட்டி அலமாரியில் வைத்தாகிவிட்டது. மறுநாள் விழா, அதற்கு மறுநாள் எனக்கு விமானம். மாலையில் சந்தானம் சார் விடுதிக்கு வந்து, "எப்படிங்க இருந்துச்சு மேடம்?" என்று கேட்டார்.

"நன்றாக இருந்தது," என்றேன்.

நான்காம் நாள் விடிந்ததும், காப்பி கூடக் குடிக்காமல் கல்லூரிக்கு நடந்தேன். சந்தானம் சார் மேடையில் துணி கட்டும் ஆட்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கௌசல்யாவும் இருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். சொல் தெரியவில்லை, கேட்க வெட்கப்பட்டேன், தப்பாகப் போட்டுவிட்டேன்.

சந்தானம் சார் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "பட்டியல் ஒட்டியாச்சு மேடம். ஆயிஷாவோட அத்தா சவூதிக்குத் திரும்புற டிக்கெட்டையே தள்ளிப் போட்டிருக்கார், இந்த விழாவுக்காக." கொஞ்சநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "தப்பு எம்மேலயும் இருக்கு. ஒருத்தரே திருத்தட்டும்னு சொன்னது நாந்தான்," என்று அலமாரியைத் திறந்தார்.

இந்த முறை முறைப்படி செய்தோம். மூன்றாம் கணக்கின் தாளை நானும் கௌசல்யாவும் தனித்தனியாகப் படித்துத் துண்டுச் சீட்டில் மதிப்பெண் எழுதினோம். கௌசல்யா முதல் வரியிலேயே, "கடைமடைன்னு எவ்ளோ தெளிவா எழுதியிருக்கு!" என்றார். அந்தச் சொல்லைச் சுற்றி என் சிவப்பு வட்டம். இரண்டு சீட்டிலும் ஒன்பது. ஒன்று குறைத்ததற்குக் காரணம் இருந்தது. சிறிய எண்ணை எடுத்து இரட்டித்த பிறகு, புதிதாக வந்த எண்ணை வரிசையில் உள்ள வேறு எந்த எண்ணும் வகுக்காது என்பதை அந்தத் தாளில் விளக்கவில்லை. உண்மைதான், ஆனால் சொல்ல வேண்டும்.

உறையைப் பிரித்தோம். செல்வராணி. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. அவளுடைய நான்கு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, சந்தானம் சார் கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். முப்பத்திரண்டு. ஆயிஷாவுக்கும் அதேதான்.

வணிகரைக் கேட்க எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார் அவர். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "சமம்னா ரெண்டு பேருக்கும் குடுத்துடலாம்னு சொல்லிட்டார் மேடம். எப்படியோ தப்பிச்சோம்." எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் ஆயிஷாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை நானே சொல்கிறேன் என்றேன்.

பதினொரு மணிக்கு வெள்ளை வாடகைக் காரில் அவர்கள் வந்தார்கள். ஆயிஷா தலையில் துப்பட்டா போட்ட, மூக்குக் கண்ணாடி அணிந்த பெண். அவள் அத்தா கமாலுதீன் கையில் பெரிய மிட்டாய்ப் பெட்டி. "பசியாறிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் மலேசியாவில் சொல்லும் சொல் அது. இந்த நான்கு நாளில் முதல்முறையாக அதைக் கேட்டேன். அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இன்னும் கலங்கினேன்.

சொன்னேன். அவர் பெட்டியை மேசையில் வைத்தார். "நேத்தே ஊரு பூரா சொல்லிட்டேங்க," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இப்ப மூணாமிடத்துல ரெண்டு பேரா? சரி. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா படிச்சவங்க நீங்க இப்படிப் பண்ணலாமா?"

"பண்ணக்கூடாது," என்றேன்.

ஆயிஷா முன்னால் வந்தாள். "அந்தப் பேப்பரை நான் பாக்கலாமா டீச்சர்?" என்றாள். சந்தானம் சார் தயங்கினார். நான் செல்வராணியின் தாள் கட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். என் உதாரணத்தைப் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையிலேயே ஏதோ எண்களைப் போட்டுப் பார்த்தாள். உடைக்க முயல்கிறாள் என்று புரிந்தது. முடியவில்லை. மெதுவாகச் சிரித்தாள். அடுத்த தாள்களையும் புரட்டினாள். கடைசித் தாளில், நான்காம் கணக்கின் விடைக்கும் கீழே, ஓரத்தில் பக்கவாட்டில் எழுதியிருந்த எதையோ தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"டீச்சர், இதுக்கு ஏன் ஒரு மார்க் குறைச்சீங்க?"

"புதிய எண்ணை மற்ற எண்கள் வகுக்காது என்பதை அவள் விளக்கவில்லை."

"விளக்கியிருக்காளே. இங்க இருக்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் கணக்குத் தொடர்ச்சி என்று போட்டு இரண்டே வரி. இரு மடங்கை வகுக்கும் எண்களில், அதற்கு அடுத்தபடியாகப் பெரியது அதன் பாதிதான்; அந்தப் பாதியைத்தான் நாம் எடுத்துவிட்டோம், அதைவிடச் சிறிய எண் வரிசையில் இல்லை. நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணுக்குரிய விளக்கம் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருந்தது. தாள்களைக் கணக்கு வாரியாகப் பிரித்தபோது அது நான்காம் கட்டோடு போய்விட்டது. அதைத் திருத்தியவர்கள் தங்களுக்குரியதல்ல என்று விட்டுவிட்டார்கள்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று ஆயிஷாவுக்கே புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்தாள். பத்து போட்டால் செல்வராணிக்கு முப்பத்து மூன்று. பிறகு சமம் இல்லை.

சந்தானம் சார் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது வேற தாள்ல இருக்குங்க மேடம். நாம எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. ஒம்பதே இருக்கட்டும். ரெண்டு புள்ளைங்களும் படிச்சிடும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? யாருக்கும் நஷ்டமில்லை. பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது.

"மேடம்," என்றார் கௌசல்யா. "அன்னைக்கிப் பயந்துதான் ரெண்டு போட்டீங்க. இன்னைக்கும் பயந்து ஒம்பதுல நிக்காதீங்க."

நான் ஆயிஷாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியாத்தான் இருக்கு டீச்சர்," என்றாள்.

ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கௌசல்யாவும் போட்டார். கமாலுதீன் எழுந்து வெளியே போய்விட்டார்.

சந்தானம் சார் இன்னொரு முறை பூத்துக்குப் போனார். மூன்று பேர் என்றுதான் சொன்னது, மணிக்கொரு பட்டியல் அனுப்பினால் எப்படி என்று அந்தப் பக்கம் கோபித்துக்கொண்டார்களாம். இரண்டு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். பசை காயாமல் அது ஒரு மூலையில் சுருண்டுகொண்டே இருந்தது. நான் போய் இரண்டு முறை அழுத்திவிட்டு வந்தேன்.

விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். பந்தல் துணி வழியாகத் தூறல் சொட்டியது. என்ன நடந்தது என்று மைக்கில் நானே சொல்ல அனுமதி கேட்டேன். மேசையோடு ஒட்டி நின்று, ஒரு தமிழ்ச் சொல்லின் பொருள் தெரியாமல், கேட்கவும் செய்யாமல், தவறாகத் திருத்தினேன் என்றேன். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசைகளில் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாமிடத்துக்குச் செல்வராணியைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான, கறுத்த பெண். காலையில் ஆள் அனுப்பிப் பள்ளியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். சீருடைப் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் திகைத்து நின்றாள். நான்காமிடத்துக்கு ஒரு புத்தகமும் சான்றிதழும். ஆயிஷா வந்து வாங்கிக்கொண்டாள். அவள் அத்தா பந்தலுக்குள் வரவே இல்லை.

விழா முடிந்ததும் மேடையின் பின்பக்கமாக இறங்கினேன். யாரையும் பார்க்கும் தைரியம் இல்லை. அங்கே, வராந்தாப் படியில், இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் செல்வராணி ஏதோ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெட்டிக்கணும்னு எப்படித் தோணுச்சு உனக்கு?" என்று கேட்டாள் ஆயிஷா.

"சின்னதா இருக்கறதுதான் தொல்லையே. அதை மேல ஏத்திவிட்டா என்ன ஆவும்னு பாத்தேன்."

"ஏத்தும்போது ஒண்ணோட ஒண்ணு மோதிச்சுன்னா?"

"மோதுனாத்தான் நமக்கு வேல முடிஞ்சுதே."

சற்றுத் தள்ளி வெள்ளைக் கார் இன்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. கமாலுதீன் என்னைப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னைத் திட்ட வரவில்லை. படியைக் கை காட்டி, "அரை மணியா கூப்பிடுறேன், வர மாட்டேங்கிறா," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த மூணாவது கணக்குல எம்பொண்ணு எத்தன மார்க்குங்க?" என்று கேட்டார்.

"நாலு," என்றேன்.

"பத்துக்கா?"

"பத்துக்கு."

அவர் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கேட்டுட்டே வரட்டும்," என்று சொல்லிவிட்டு, காருக்குப் போய் ஓட்டுநரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.